மாமா, அந்தச் சேலையை நெய்தது நீங்கள்தானே

என் அக்காவைக் கட்டிக்கொண்டு வந்து எனக்கும் அப்பாவாகிப்போன ஏகாம்பரம் மாமாவுக்கு,

நலமா என்று கேட்க வழியில்லை. போன இடத்தில் தறி இருக்கிறதா, கூட்டம் போட ஆள் இருக்கிறதா என்று வேண்டுமானால் கேட்கலாம். கூட்டம் இல்லாமல் ஒரு வாரம் தாங்கமாட்டீர்கள். அங்கேயும் நாலு பேரைச் சேர்த்து ஒரு சங்கம் ஆரம்பித்து, தலைவராகவும் உட்கார்ந்திருப்பீர்கள்.

இங்கே பெரிய செய்தி ஒன்று இருக்கிறது. நாங்கள் ஜெயித்துவிட்டோம் மாமா! யாரை எதிர்த்து என்றுதானே கேட்கிறீர்கள்? உங்களை எதிர்த்துத்தான். சண்டை போடக் கற்றுக்கொண்டதும் உங்களிடம்தான். முழுசாகக் கேளுங்கள். கோபம் வந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போவீர்களே, இந்தத் தடவை அது நடக்காது.

இந்தக் கடிதத்தைச் சங்கத்தின் ஆண்டு மலரில் போடுகிறார்கள். நெசவு தெரியாதவர்களும் படிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்த விஷயங்களையே சில இடங்களில் விளக்கி எழுதுவேன். சலித்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் போன அன்று எங்கள் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறியும் ஓடவில்லை. சின்ன காஞ்சிபுரத்திலிருந்து நாமக்காரர்கள் நடந்தே வந்தார்கள். முசரவாக்கத்திலிருந்தும் மாகறலிலிருந்தும் மாட்டு வண்டிகள் வந்து தெருக்கோடியில் நின்றன. உங்களைத் திட்டிக்கொண்டே இருந்த பட்டு முதலாளிகள் இரண்டு பேர்கூட மாலையோடு வந்து ஓரமாக நின்றார்கள். அழாத ஆள் ஒருத்தரும் இல்லை. நானும்தான் அழுதேன்.

ஏன் அழமாட்டார்கள்? உங்களுக்கு முன்னால், நெய்யக் கொடுக்கிற பட்டை முதலாளி வீட்டு உள்ளறையில்தான் எடை போடுவார்கள். நெசவாளி வாசலில் செருப்போடு செருப்பாக நிற்பான். உள்ளேயிருந்து என்ன எடை சொல்கிறார்களோ அதுதான் எடை. நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று: "தராசை வாசலுக்கு எடுத்துக்கினு வாங்க." அந்த ஒரு வாக்கியத்துக்காக ஊர் முழுக்கத் தறியை நிறுத்தினோம். அரிசிக்கு வரிசையில் நின்ற காலம் அது. மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்றுகொண்டு பிடிவாதமாக இருந்தோம். கடைசியில் தராசு வாசலுக்கு வந்தது. அந்தத் தராசைப் பார்க்கத் தேர் பார்க்கிற மாதிரி கூட்டம் கூடியது, ஞாபகம் இருக்கிறதா?

அந்தப் போராட்டத்தில் ஒருநாள் எல்லாம் உடைந்துபோகிற மாதிரி இருந்தது. நாமம் போடுகிற சின்ன காஞ்சிபுரத்து நெசவாளிகள் விபூதி பூசுகிற எங்களோடு உட்காரமாட்டோம் என்றார்கள், எங்கள் ஆட்களும் அவர்கள் வேண்டாம் என்றார்கள். நீங்கள் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தீர்கள். சத்தம்கூடப் போடவில்லை.

"தெருவுல பாவு போட்டிருக்குது. மழை வருது. யாரு பாவுன்னு விசாரிச்சிக்கினா நிப்பே? ஓடிப்போய்த் தூக்குவே இல்ல? அதாம்பா சங்கம்" என்றீர்கள்.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் ஊரில் சேலையின் நீள இழைகளைத் தெருவில்தான் இழுத்துக் கட்டிப் பதப்படுத்துவார்கள். அதுதான் பாவு. மழைத்துளி விழுந்தால் யாருடைய பாவாக இருந்தாலும் தெருவே ஓடி வந்து தூக்கும். சோற்றுக் கையோடு ஓடி வருவார்கள். அன்றைக்கு உங்கள் பேச்சைக் கேட்ட இரண்டு பக்கத்து ஆட்களும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு தலையைக் குனிந்தார்கள். நெய்த சேலையை நாமே வாங்கி விற்கும் இந்தச் சங்கம் பிறந்தது அந்த நிமிஷத்தில்தான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

என்னை மேடையேற்றியதும் நீங்கள்தான். பயமாக இருக்கிறது மாமா என்று சொன்னபோது, "பயமா இருந்தா பயமா இருக்குதுன்னு முதல்ல சொல்லிடு. அப்புறம் பேசு. பயந்தவ உண்மைதான் பேசுவான்னு கேக்கறவனுக்குத் தெரியும்" என்றீர்கள். இப்படிப்பட்ட புத்தி உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. மூன்றாம் வகுப்பைத் தாண்டாத மனுஷன்.

இனி வரப்போகிறது உங்களுக்குப் பிடிக்காத பகுதி.

எங்கள் சேலையில் உடல் ஒரு நிறம், முந்தானை வேறு நிறம். இரண்டும் சேரும் இடத்தில் ஒவ்வொரு இழையையும் இன்னொரு இழையோடு முறுக்கிச் சேர்க்க வேண்டும். அந்த இணைப்பில்தான் நெசவாளியின் மானம் இருக்கிறது. சங்கத்துக்கு எந்தச் சேலை வந்தாலும் நீங்கள் உடலை ஒரு கையிலும் முந்தானையை ஒரு கையிலும் பிடித்து, எல்லார் முன்னாலும் வெடுக்கென்று இழுப்பீர்கள். "யாரு நெஞ்சதா இருந்தாலும் இழுத்துப் பாரு. யாரு சொன்னதா இருந்தாலும் இழுத்துப் பாரு. நான் சொன்னாலும் இழுத்துப் பாரு" என்பீர்கள். நாங்கள் கை தட்டுவோம். கை தட்டினோமே தவிர, உங்கள் பேச்சை ஒருத்தரும் இழுத்துப் பார்க்கவில்லை.

கன்னியம்மாவைப் பற்றி மலர் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். சின்ன காஞ்சிபுரத்துக்காரி. புருஷனுக்கு வாதம் வந்து இரண்டு காலும் விழுந்துவிட்டன. தறி சும்மா கிடந்தால் வீடு பட்டினி. அவள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு தறிக்குழியில் இறங்கினாள். எங்கள் ஊரில் பெண்கள் நூல் சுற்றுவோம், பாவு பிணைப்போம், ஆம்பிளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கத்துக் கரைக்கு இழை ஓட்டும் நாடாவைத் தள்ளுவோம். குழிக்குள் இறங்கி நெய்வது ஆம்பிளை வேலை என்று வைத்திருந்தார்கள். அவள் இறங்கியதும் ஊர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சிரித்தவர்களை அடக்கி அவளைச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்த்தது யார்? நீங்கள்தான் மாமா. "சேலைக்குத் தெரியுமா நெஞ்சது ஆம்பிளையா பொம்பிளையான்னு?" என்று கேட்டீர்கள். அன்றைக்கு உங்களைப் பார்த்து எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது!

அடுத்த வருஷம் அந்தச் சேலை திரும்பி வந்தது.

சென்னைக் கண்காட்சியில் வாங்கிய சேலை. அரக்கு உடல், பச்சை முந்தானை, பச்சைக் கரை. மணவறையில் பெண் எழுந்து நின்றபோது யாரோ முந்தானையை மிதித்திருக்கிறார்கள். இணைப்பு பிரிந்து முந்தானை பாதிக்குத் தொங்கிப்போயிற்று. பெண்ணின் அம்மா காரில் வந்து இறங்கி, காகிதத்தில் சுற்றிய சேலையைச் சங்க மேஜையில் போட்டுவிட்டு நின்ற கோலம் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. "என் பொண்ணு சபையில தலைகுனிஞ்சு நின்னா. இதுதான் உங்க காஞ்சிபுரமா?" என்று கேட்டாள். வாசலில் முதலாளிகளின் ஆட்கள் இரண்டு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சங்கத்துக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. சங்கச் சேலை பிரிந்துபோகும் சேலை என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், கதவைச் சாத்திவிட வேண்டியதுதான்.

எந்தத் தறியில் நெய்தது என்ற சீட்டு கல்யாண வீட்டிலேயே தொலைந்திருந்தது. நீங்கள் பொட்டலத்தின் ஓரத்தை மட்டும் பிரித்துப் பார்த்தீர்கள். மறுபடி சுற்றினீர்கள். பிறகு சொன்னீர்கள்: "கன்னியம்மா தறி. பொம்பிளை கை. இணைப்புல இறுக்கம் பத்தல. தப்பு எங்களுதுதாம்மா, வேற சேலை எடுத்துக்கினு போங்க."

அவ்வளவுதான். அந்த அம்மா வேறு சேலையோடு போய்விட்டாள். சங்கம் பிழைத்தது. செயலாளர் துரைசாமி அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் கொண்டுவந்தார், பெண்கள் நெய்ததைச் சங்கம் வாங்காது, பெண்களுக்கு உறுப்பினர் பதவியும் கிடையாது என்று. நீங்கள் தலைமை நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். கை தூக்கவில்லை. தூக்கிய கைகளை இறக்கச் சொல்லவும் இல்லை.

கன்னியம்மாவுக்கு ஊர் "முந்தானை பிரிஞ்சவ" என்று பெயர் வைத்தது. தறியை விற்றாள். ஒரு முதலாளி வீட்டில் நூல் சுற்றப் போனாள். குழாயடியில் சிறுசுகள்கூட அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டன. பத்து வருஷம் மாமா. நீங்கள் இருந்த வரைக்கும் அவள் உங்களைப் பார்த்தால் கும்பிட்டாள். அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு எப்படி நடந்தீர்கள்?

சில மாசங்களுக்கு முன்னால் சங்கத்தில் முடிவு செய்தார்கள், உங்கள் முதலாம் ஆண்டு நினைவு நாளில் படத்திறப்பு என்று. ஸ்டூடியோவில் கொடுத்துப் படத்தைப் பெரிதாக்கி வண்ணம் போட்டார்கள். கன்னத்தில் இல்லாத சிவப்பைப் பூசிவிட்டார்கள், பார்த்தால் நீங்களே சிரிப்பீர்கள். துரைசாமி அக்காவிடம் வந்து, "தலைவர் கையால நெஞ்ச சேலை ஒண்ணு குடுங்கம்மா, படத்துக்குக் கீழ விரிச்சு வைக்கணும்" என்று கேட்டார். அக்கா, "ஒண்ணும் இல்லியேப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

இல்லைதான். நெய்கிற வீட்டில் நெய்த சேலை ஏது? எல்லாம் யார் யாருடைய கல்யாணத்துக்கோ போய்விட்டது. ஆனால் துரைசாமி தலை மறைந்ததும் அக்கா கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். பட்டப்பகலில் எதற்குத் தாழ்ப்பாள் என்று நான் கேட்டேன். அவள் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தாள்.

அரக்கு உடல். பச்சை முந்தானை. பாதி பிரிந்த இணைப்பு.

"இது எங்கிட்டதான் இருக்குது" என்றாள். "எரிச்சுடுன்னாரு. நான் எரிக்கல."

"இத ஏன் எரிக்கச் சொன்னாரு?"

"கரையைத் தொட்டுப் பாருடி."

தொட்டேன். என் விரல் அப்படியே நின்றுவிட்டது.

இதையும் விளக்கிவிடுகிறேன். உடலோடு வேறு நிறக் கரையை இரண்டு பக்கமும் கோர்த்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். குழியில் இருப்பவர் ஒரு கரையைக் கோர்ப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மற்றக் கரையைக் கோர்ப்பார். இரண்டு கையும் ஒரே மாதிரி இருக்காது. தொட்டாலே எங்களுக்குத் தெரியும். ஊரில் எல்லாத் தறியிலும் துணை ஆள் கோர்க்கிற கரை இடுப்பில் செருகுகிற பக்கம் போகும், வெளியே தெரியாது. உங்களுக்கு இடது கைப் பழக்கம். அதனால் உங்கள் தறியில் மட்டும் எல்லாம் தலைகீழ். அக்கா மறுபக்கம் உட்காருவாள். அக்கா கோர்த்த கரைதான் கீழ்க்கரையாக, காலடியில், ஊர் பார்க்கிற இடத்தில் வரும். ஏகாம்பரம் தறிக் கீழ்க்கரை என்று ஊரே மெச்சுமே, அது அக்காவின் கை.

என் மடியில் கிடந்த சேலையின் கீழ்க்கரையும் அக்காவின் கைதான். அப்படியானால் சேலை உங்களுடையது.

"சங்க வேலையா முசரவாக்கம், மாகறல்னு பத்து நாளு சுத்திட்டு வந்தாரு" என்றாள் அக்கா. "கண்காட்சிக்கு நாளு நெருங்கிப்போச்சு. உக்காந்துக்கினே தூங்கிக்கினு இணைப்பைப் போட்டாரு. இறுக்கம் பத்தலீங்கன்னு சொன்னேன். பரவால்ல, விடுன்னுட்டாரு. சேலை திரும்பி வந்தன்னைக்கி வீட்டுக்கு வந்து சொவத்தப் பாத்து உக்காந்தாரு. தலைவன் தறியே பிரிஞ்சுதுன்னா சங்கம் அன்னைக்கே செத்துடும் சுந்தரின்னாரு. அவளுக்கு அப்புறமா எதுனா செய்யறேன்னாரு. செய்யல."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. உங்கள் மேல் வந்தது. அக்கா மேலும் வந்தது. "பத்து வருசமா வாயில இன்னா வச்சிக்கினு இருந்தே?" என்று கத்தினேன். அக்கா அழவில்லை. "அவரு உயிரோட இருந்தாரு. இப்ப இல்ல. இன்னும் நான் எதுக்குப் பொத்திக்கினு இருக்கணும்?" என்றாள். அதற்கு மேல் அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் ஆசை வந்தது. பெட்டியை மூடிவிடலாமா என்று. நாளைக்குப் படத்திறப்பு வைத்துக்கொண்டு ஊரே கொண்டாடுகிற ஆளைப் பற்றி எதற்குப் பேச வேண்டும்? செத்தவரை இழுக்கலாமா? அந்த மனுஷன் இல்லாவிட்டால் இந்த ஊர் நெசவாளி இன்னும் செருப்போடு செருப்பாகத்தானே நின்றுகொண்டிருப்பான்? ஆனால் மனசு ஒப்பவில்லை. கன்னியம்மா உயிரோடு இருக்கிறாள் மாமா. நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். உங்களுக்கு மரியாதை போனால் வலிக்காது. அவளுக்குத் தினமும் குழாயடியில் வலித்துக்கொண்டிருந்தது.

முதலில் அவளிடம் போனேன். முதலாளி வீட்டுக் கொட்டகையில் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தாள். சொன்னேன். ராட்டை நின்றது.

"என் சேலை இல்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்மா" என்றாள். "எங்கயோ சீட்டு மாறிப்போச்சு, அவரும் ஏமாந்துட்டாருன்னு நெனச்சிக்கினு இருந்தேன். தெரிஞ்சேவா சொன்னாரு?"

நீங்கள் சொல்லுங்களேன், என்ன சொல்லியிருக்க வேண்டும் நான்? ஊரில் இத்தனை தறி இருக்க, ஏன் அவள்? கேட்க அண்ணன் தம்பி இல்லாதவள், புருஷன் எழுந்து வரமுடியாதவன் என்பதாலா? அந்தப் பொட்டலத்தை மறுபடி சுற்றிய கொஞ்ச நேரத்தில் அதைத்தான் கணக்குப் போட்டீர்களா?

படத்திறப்பு நாள். சங்கக் கூடத்தில் ஆண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். உறுப்பினர்களாக இல்லாததால் பெண்கள் நாங்கள் வாசலிலும் ஜன்னலோரத்திலும் நின்றோம். உங்கள் படத்தை மஞ்சள் துணியால் மூடியிருந்தார்கள். பேச வந்தவர்கள் எல்லாரும் தவறே செய்யாத தலைவர், அப்பழுக்கில்லாத தலைவர் என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். குடும்பத்தின் சார்பில் இரண்டு வார்த்தை என்று அக்காவைக் கூப்பிட்டார்கள். அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் இடுப்பில் பொட்டலம்.

"எனக்குப் பயமா இருக்குது" என்று ஆரம்பித்தேன். பாயில் இருந்தவர்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நீங்கள் சொன்னது சரிதான் மாமா, அப்படி ஆரம்பித்தால் கேட்கிறார்கள்.

சொல்லி முடிப்பதற்குள் துரைசாமி எழுந்துவிட்டார். "இன்னாம்மா இது, மாலை போடற நாள்ல வந்து அசிங்கம் பண்றே? உங்க வூட்டு ஆளும்மா அவரு! பொம்பிளைங்க சமாசாரத்த அப்புறம் பேசிக்கலாம்."

"மழை வந்தா யாரு பாவுன்னு கேட்டுக்கினா ஓடுவீங்க?" என்று நான் திருப்பிக் கேட்டேன். "கன்னியம்மா பாவு பத்து வருசமா மழையில நனைஞ்சிக்கினு இருக்குது. இந்தக் கூடத்துல ஒருத்தராவது எழுந்தீங்களா?"

அக்கா சேலையை விரித்தாள். தரையில் அரக்கும் பச்சையும் பரவின. அவள் மேடையில் பேசியவளே இல்லை. ஒரே மூச்சில் சொன்னாள்: "முந்தானை அவரு கை. கீழ்க்கரை என் கை. எது பிரிஞ்சுது, எது நிக்குதுன்னு இழுத்துப் பாருங்க. அவருதான இழுத்துப் பாருன்னு சொல்லிக் குடுத்தாரு."

துரைசாமி குனிந்தார். திட்டத்தான் குனிந்தார் என்று நினைத்தேன். அந்த ஆள் எப்படிப்பட்டவரோ, முதலில் அவர் நெசவாளி. விரல் கரையில் பட்டதும் முகம் மாறிப்போயிற்று. கரையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். நின்றது. இன்னொரு இடத்தில் இழுத்தார். நின்றது. எத்தனையோ கல்யாணத்துக்கு அவரே பார்த்து மெச்சி அனுப்பிய கரை அது, விரலை எப்படி ஏமாற்றுவார்? நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"சுந்தரிம்மா கைதான் இது" என்றார். "தலைவர் தறி சேலைதான்."

அப்புறம் அந்தக் கூடத்தில் எழுந்த சத்தத்தை எப்படி எழுதுவேன்! சிலர் அழுதார்கள். சிலர் என்னைத் திட்டினார்கள். ஒருத்தர் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே போனார். ஜன்னலோரத்துப் பெண்கள் மட்டும் ஒருத்தியும் நகரவில்லை. நான் தீர்மானத்தை வாசித்தேன். அந்தச் சேலை கன்னியம்மா நெய்தது இல்லை. அவளுடைய பழைய உறுப்பினர் எண் அவளுக்கே. நெய்கிறவர் யாராக இருந்தாலும் சங்கத்தில் இடம். எல்லாவற்றையும் முந்தின நாளே எழுதி ரவிக்கைக்குள் வைத்திருந்தேன். முதல் கை துரைசாமியுடையது, மாமா. அடைத்தவரே திறந்தார். அப்புறம் ஒவ்வொரு கையாக, பிறகு கொத்துக் கொத்தாக எழுந்தன. எண்ணத் தேவையே இருக்கவில்லை. வாசலில் பெண்கள் குலவையிட்டது ஏகாம்பரநாதர் கோயில் வரைக்கும் கேட்டிருக்கும். சந்தோஷத்தில் என் கால் தரையில் நிற்கவில்லை.

அந்தச் சத்தத்தில்தான் யாரோ கேட்டார்கள், படத்தைத் திறப்பதா வேண்டாமா என்று. எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள். கன்னியம்மா அங்கே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். உள்ளே வா என்று கூப்பிட்டோம். வந்தாள். பத்து வருஷத்துக்கு அப்புறம் அந்தக் கூடத்தில் கால் வைத்தாள். மூடியிருந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தொறங்கப்பா" என்றாள். "குழியில எறங்குன அன்னைக்கி ஊரு சிரிச்சுது. என்ன உள்ள கூட்டினு வந்து உக்கார வச்ச மனுசன் இவரு. என் பேரைக் கெடுத்த மனுசனும் இவருதான். ரெண்டும் ஒரே ஆளு. படத்த பாதியா கிழிக்க முடியுமா? தொறங்க. ஆனா இப்ப எழுதுனீங்களே தீர்மானம், அதையும் சட்டம் போட்டுப் பக்கத்துலயே மாட்டுங்க. படத்தப் பாக்கறவன் அதையும் படிச்சுட்டுப் போவட்டும்."

இத்தனை வருஷம் உங்கள் பேச்சைக் கேட்டிருக்கிறேன். இதைவிடப் பெரிய பேச்சை உங்கள் வாயிலிருந்து கேட்டதில்லை மாமா. துரைசாமி துணியை இழுத்தார். சிவப்புக் கன்னத்தோடு நீங்கள் சிரித்தீர்கள். எல்லாரும் கும்பிட்டார்கள். கன்னியம்மா மட்டும் கும்பிடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். அவள் உங்கள் முன்னால் அப்படி நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இப்போது நடப்பைச் சொல்கிறேன். எங்களில் ஒன்பது பெண்கள் உறுப்பினர்கள். நானும் ஒருத்தி. என் வீட்டுக்காரர் இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்துவிட்டு, மூன்றாம் நாள் என் அளவுக்குக் குழியின் மிதியைச் சரிசெய்து கொடுத்தார். கன்னியம்மாவுக்குத் தறி வந்துவிட்டது. முதல் சேலையை அவள் கொண்டுவந்தபோது துரைசாமி இணைப்பைப் பிடித்து இழுத்தார், அவள் "இன்னும் நல்லா இழுங்க, இன்னா சொணங்கறீங்க" என்று அதட்டினாள். கூடமே சிரித்தது. குழாயடியில் அந்தப் பழைய பெயரைச் சொன்ன ஒரு பையனை அவன் அம்மாவே முதுகில் ஒன்று வைத்தாள்.

அக்கா நன்றாக இருக்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள். உங்களைப் பற்றிப் பேசும்போது முன்பெல்லாம் குரல் தாழ்ந்துவிடும், இப்போது சாதாரணமாகவே பேசுகிறாள், சண்டைகூடப் போடுகிறாள். அவள் கோர்த்த கரைக்கு அவள் பெயரிலேயே ஆர்டர் வருகிறது.

எனக்கு உங்கள் மேல் பாசம் குறைந்ததா என்று கேட்பீர்கள். குறையவில்லை. அதுதான் எனக்கே எரிச்சலாக இருக்கிறது. தராசை வாசலுக்குக் கொண்டுவந்த கைதான் அந்தப் பொட்டலத்தைச் சுற்றி மூடியது. சங்கத்தைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னீர்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பொய் இல்லாமலும் சங்கம் பிழைத்திருக்கும் மாமா. "என் தறி, என் தப்பு" என்று நீங்கள் சொல்லியிருந்தால் அந்த அம்மாவே வாயடைத்துப் போயிருப்பாள், நாங்கள் உங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிருப்போம். எங்கள் மேல் உங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லாமல் போயிற்றா? ஊருக்கெல்லாம் தைரியம் சொன்ன ஆள், அந்த ஒரு நாள் மட்டும் பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பேசியிருக்கக் கூடாதா?

ஒரு வாக்குத் தருகிறேன். நாளைக்கு எந்த மேடையிலாவது எவராவது ஏகாம்பரம் தப்பே செய்யாதவர் என்று சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து இல்லை என்று சொல்வேன். ஏகாம்பரம் வெறும் பொய்யன் என்று எவராவது சொன்னாலும் எழுந்து இல்லை என்று சொல்வேன். எனக்குப் பின்னால் சொல்ல இந்த மலர் இருக்கும்.

மன்னிப்பு மட்டும் இந்தக் கடிதத்தில் இல்லை. தேடாதீர்கள். இதை அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் கன்னியம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், கடைசியில் மன்னித்தாள் என்று ஒரு வரி போடட்டுமா என்றும் கேட்டேன். நாடாவைத் தள்ளிக்கொண்டே, "நான் நெய்யறதுக்கு நெறைய கெடக்குதும்மா" என்றாள்.

உங்கள் சுந்தரியின் தங்கை,
உங்கள் மச்சினிச்சி,
சரோஜா